50 மில்லிமீட்டரின் விலை

மாருதி சுஸுகி ஜிம்னி ஐந்து கதவு வண்டியின் தரை இடைவெளி, நிறுவனக் கணக்குப்படி 210 மி.மீ. அதற்கு 50 மி.மீ. உயர்த்தும் ‘லிஃப்ட் கிட்’ ஒன்றைப் பொருத்திவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து டிஃபரன்ஷியல் உருண்டைக்கும் தரைக்கும் நடுவே டேப் பிடித்தால் வரும் அளவு அதே 210 மி.மீ.தான். உயர்ந்தது பாடி; அச்சு உயரவில்லை. வாங்கியவர் பலரும் இந்த 0 மி.மீ. விவரத்தைப் பணம் கட்டிய பிறகே கவனிக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் மூன்று வகை. வண்டியின் அளவுகள் நிறுவனம் வெளியிட்டவை. கோணம், சதவீதம், நியூட்டன் ஆகியவை அந்த அளவுகளிலிருந்து போட்ட கணக்கு. உதிரிபாகம், கூலி ஆகியவற்றின் ரூபாய்த் தொகைகளும், ‘என்று கொண்டால்’, ‘என்றால்’ என வரும் அளவுகளும் மாதிரி எண்கள். கடைக்குக் கடை விலை மாறுவதால், விகிதம் தெரிவதற்காகத் தோராய எண்ணாக எடுத்துக்கொண்டவை. வாசகர் தம் ஊர் ஒர்க்‌ஷாப்பின் விலைச்சீட்டை அந்த இடங்களில் நிரப்பிக்கொள்ளலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் வண்டி. 2023 ஜூன் 7 அன்று விற்பனைக்கு வந்தபோது ஷோரூம் விலை 12.74 லட்சம் ரூபாயில் தொடங்கி 15.05 லட்சம் ரூபாய் வரை இருந்தது. நீளம் 3,985 மி.மீ., அகலம் 1,645 மி.மீ., உயரம் 1,720 மி.மீ., முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட வீல்பேஸ் 2,590 மி.மீ. இன்ஜின் 1,462 சி.சி. பெட்ரோல், முறுக்கு விசை 134.2 நியூட்டன் மீட்டர். டயர் 195/80 ஆர் 15. முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் திட அச்சு, நான்கு மூலையிலும் காயில் ஸ்பிரிங். பட்ஜெட் உயர்த்தல் வேலைக்கு இதைவிட எளிய அமைப்பு கிடையாது: பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி நீளமான ஸ்பிரிங்கை வைத்தால் பாடி மேலே போய்விடும். செலவு பெருகுவது அதற்குப் பிறகுதான்.

50 மி.மீ. உயர்த்துவதால் உண்மையில் கிடைப்பது கோணம். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஒரு மேடு வரும்போது வண்டியின் வயிறு தட்டாமல் கடக்கும் கோணத்தை பிரேக்-ஓவர் கோணம் என்கிறார்கள். ஐந்து கதவு ஜிம்னிக்கு அது 24 டிகிரி. 2,250 மி.மீ. வீல்பேஸ் கொண்ட மூன்று கதவு ஜிம்னிக்கு 28 டிகிரி. வீல்பேஸின் பாதியான 1,295 மி.மீ.யை 12 டிகிரியின் டேஞ்சன்ட் மதிப்பால் பெருக்கினால் வயிற்றின் உயரம் சுமார் 275 மி.மீ. என வருகிறது. அதை 325 ஆக்கினால் கோணம் 28.2 டிகிரி. அதாவது, கதவு இரண்டு கூடியதால் இழந்த 4 டிகிரியை 50 மி.மீ. ஸ்பிரிங் திருப்பித் தருகிறது. பாறை, வரப்பு, உடைந்த மண் மேடு ஆகியவற்றில் இந்த 4 டிகிரி கண்கூடாகத் தெரியும். முன் பம்பர் தட்டாமல் ஏறும் 36 டிகிரியும் பின்பக்கம் தட்டாமல் இறங்கும் 50 டிகிரியும்கூடச் சற்று உயரும். ஆனால் பின்பக்கம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

ஒப்பீட்டுக்கு மஹிந்திரா தார் ராக்ஸ். அதன் வீல்பேஸ் 2,850 மி.மீ., பிரேக்-ஓவர் கோணம் 23.9 டிகிரி. ஐந்து கதவு ஜிம்னியைவிட 260 மி.மீ. நீண்ட வீல்பேஸ் இருந்தும் கோணம் கிட்டத்தட்ட சமம். வயிறு அந்த அளவுக்கு மேலே இருக்கிறது என்று பொருள். அதே கணக்கில் அதன் வயிற்று உயரம் சுமார் 302 மி.மீ.; ஜிம்னியைவிட 27 மி.மீ. கூடுதல். ஜிம்னிக்கு 50 மி.மீ. உயர்த்தல் கேட்பவர்களின் குறை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்த 27 ஒரு பதில்.

டிஃபரன்ஷியல் உருண்டையைத் தரையிலிருந்து விலக்க ஒரே வழி டயர். 195/80 ஆர் 15 டயரின் விட்டம் 381 மி.மீ. ரிம்முடன் இரு பக்கமும் 156 மி.மீ. சுவர் சேர்ந்து 693 மி.மீ. பலர் தேர்ந்தெடுக்கும் 235/75 ஆர் 15இன் விட்டம் 733.5 மி.மீ. வித்தியாசம் 40.5 மி.மீ.; அச்சு உயர்வது அதில் பாதி, 20.25 மி.மீ. இடையில் உள்ள 215/75 ஆர் 15 போட்டால் விட்டம் 703.5 மி.மீ., அச்சு உயர்வு வெறும் 5.25 மி.மீ. ஐந்து டயருக்கு (ஸ்டெப்னியும் சேர்த்து) வரி உட்பட 45,000 ரூபாய் என்று கொண்டால், 235 டயரில் அச்சின் ஒரு மி.மீ. உயர்வுக்கு 2,222 ரூபாய். 215 டயர் ஐந்து 40,000 ரூபாய் என்றால் ஒரு மி.மீ. 7,619 ரூபாய். தோற்றத்துக்காக 215 போடுவது வேறு விஷயம். இடைவெளிக்காகப் போடுவது கணக்கில் நிற்காது.

இனி லிஃப்ட் கிட் பெட்டிக்குள் இருப்பதன் விலை. நான்கு ஸ்பிரிங் 20,000 ரூபாய், நான்கு ஷாக் அப்சார்பர் 24,000 ரூபாய், கூட்டுத்தொகை 44,000. வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரே சீராக 18%. அதற்கு முன் அவற்றில் பெரும்பகுதிக்கு 28%. பழைய வரியில் இந்தப் பெட்டி 56,320 ரூபாய். இப்போது 51,920 ரூபாய். குறைந்தது 4,400 ரூபாய், 7.8%. கூலி 8,000 ரூபாய், வீல் அலைன்மென்ட் 1,500 ரூபாய், அவற்றுக்கு 18% வரி 1,710 ரூபாய்: ஆக 11,210 ரூபாய். பெட்டியும் கூலியும் சேர்ந்து 63,130 ரூபாய். விளம்பரம் சொல்லும் ‘பட்ஜெட் லிஃப்ட்’ இங்கே முடிகிறது. ஒரு மி.மீ.க்கு 1,263 ரூபாய்.

இதைவிட மலிவான வழியும் உண்டு. பழைய ஸ்பிரிங்கின் தலையில் 30 மி.மீ. தடிமனுள்ள ஸ்பேசர் வளையம் வைப்பது. நான்கு வளையம் 8,000, கூலி 5,000, வரி 2,340. ஆக 15,340 ரூபாய், ஒரு மி.மீ.க்கு 511 ரூபாய். விலை பாதிக்கும் கீழே. ஆனால் ஷாக் அப்சார்பர் பழையதாகவே இருப்பதால் அதன் நீளம் மாறுவதில்லை. மேலே 90 மி.மீ., கீழே 90 மி.மீ. என 180 மி.மீ. ஓடிய ஷாக் என்று கொண்டால், ஸ்பேசர் வைத்த பிறகு அது மேலே 120, கீழே 60 என ஓடும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும் தூரம் 33% குறைகிறது. பாடி உயர்ந்த வண்டி, கரடுமுரடான தடத்தில் முன்பைவிடச் சீக்கிரம் ஒரு சக்கரத்தைத் தூக்கி நிற்கும். சமதளத்தில் நின்று பார்ப்பவருக்கு இது தெரியாது.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி ஷாக்கைப் பழையதாக விடுவது இன்னொரு சிக்கனம். 24,000 ரூபாயும் அதற்கான வரி 4,320 ரூபாயும் மிச்சம். புதிய ஸ்பிரிங் 25% விறைப்பு கூடியது என்றால், அதே ஷாக்கின் அடக்கும் திறன் விகிதம் 1.25இன் வர்க்கமூலத்தால் வகுபடும்: 10.6% குறைவு. வேகத்தடையைத் தாண்டிய பிறகு ஒரு முறை கூடுதலாகக் குலுங்கும் வண்டிகளில் பெரும்பாலும் இந்த 10.6% தான் வேலை செய்கிறது. 28,320 ரூபாயை மிச்சம் பிடித்து அந்தக் குலுக்கலை வாங்குவது நல்ல பேரமாகத் தெரியவில்லை.

பெட்டிக்கு வெளியே உள்ள பட்டியலே இந்தக் கணக்கின் கனமான பகுதி. முதலாவது காஸ்டர் கோணம். ஸ்டியரிங்கைத் திருப்பி விட்டால் அது தானாக நேராவதற்குக் காரணம், முன் அச்சு சில டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருப்பது. பல திட அச்சு வண்டிகளில் இந்தச் சாய்வு 2 முதல் 4 டிகிரி. சேசிஸிலிருந்து அச்சைப் பிடித்திருக்கும் கை 800 மி.மீ. நீளம் என்று கொண்டால், பாடி 50 மி.மீ. உயரும்போது அச்சு 3.6 டிகிரி முன்னோக்கிச் சுழலும். இருந்த சாய்வில் பெரும்பங்கு, சில வண்டிகளில் முழுவதும், போய்விடும். நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் வண்டி இடமும் வலமும் அலையத் தொடங்கும். டயர் சரியில்லை, அலைன்மென்ட் சரியில்லை என்று கடை கடையாக ஏறுவார்கள். அலைன்மென்ட் எந்திரத்தில் டோ (சக்கரங்களின் உள்-வெளித் திருப்பம்) அளவு சரியாகவே காட்டும்; ஆனால் திட அச்சில் காஸ்டரைத் திருத்த அங்கே திருகு கிடையாது. திருத்துவது மையம் விலகிய துளையுள்ள புஷ். 6,000 ரூபாய், வரியுடன் 7,080.

இரண்டாவது, அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் குறுக்குத் தண்டு. மெக்கானிக்குகள் பேன்ஹார்ட் ராடு என்பார்கள். பாடி உயரும்போது இந்தத் தண்டின் சரிவு கூடி, அச்சு ஒரு பக்கமாக இழுபடும். 900 மி.மீ. நீளத் தண்டு, இரு முனைகளுக்கும் உயர வித்தியாசம் 50 மி.மீ. என்று கொண்டால், 50 மி.மீ. உயர்த்தும்போது விலகல் 4.2 மி.மீ. 100 மி.மீ. உயர்த்தினால் 11.2 மி.மீ. உயர்வு 2 மடங்கு, விலகல் 2.7 மடங்கு. நீளம் மாற்றக்கூடிய இரண்டு தண்டுகள் 14,000 ரூபாய், வரியுடன் 16,520. 4 மி.மீ. விலகலைக் கண்ணால் பார்க்க முடியாது, ஸ்டியரிங்கிலும் உணர்வது அரிது. 50 மி.மீ.யில் இது தவிர்க்கக்கூடிய செலவு, 100 மி.மீ.யில் தவிர்க்க முடியாதது.

மூன்றாவதும் நான்காவதும் சிறியவை. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இறுகாமல் இருக்க நீளமான பிரேக் ஹோஸ் 5,000 ரூபாய், பெரிய டயர் மட்கார்டில் முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் கட்டை 3,000 ரூபாய். வரியுடன் முறையே 5,900, 3,540. இந்த நான்கும் சேர்ந்து 33,040 ரூபாய். முந்தைய 63,130 ரூபாயின் மேல் 52% கூடுதல். இந்த 33,040 ரூபாய் வண்டியை ஒரு மி.மீ. கூட உயர்த்தாது என்பதே இது விளம்பரத்தில் வராததற்குக் காரணம். எல்லாம் சேர்ந்த மொத்தம் 96,170 ரூபாய். அதில் பெட்டியின் பங்கு 54%.

பொருத்தும் இடத்தில் ஒரு காட்சி கவனிக்கத்தக்கது. வண்டி ஜாக்கி ஸ்டாண்டில் நிற்கிறது, சக்கரங்கள் கழன்றிருக்கின்றன, அச்சு கீழே தொங்குகிறது. புதிய ஸ்பிரிங் உட்கார்ந்ததும் மெக்கானிக், அச்சைப் பிடிக்கும் கையின் போல்ட்டை அங்கேயே, தொங்கிய நிலையிலேயே, முழுதாக முறுக்குகிறார். ரப்பர் புஷ் அந்த நிலையில் பிடிபடுகிறது. வண்டியைத் தரையில் இறக்கினால் அச்சு 90 மி.மீ. மேலேறும், 800 மி.மீ. கையில் அது 6.4 டிகிரி. வண்டி சும்மா நிற்கும்போதே புஷ் 6.4 டிகிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ஓட ஓட, காலம் முடியும் முன்பே விரிசல் விடும். சரியான முறைக்குக் கூடுதல் பொருட்செலவு 0 ரூபாய்: போல்ட்டைக் கையால் மட்டும் இறுக்கிவிட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, அதன் எடையில் நிற்க வைத்து, பிறகு முறுக்குவது. அனுபவமுள்ளவர்கள் வேலை தொடங்கும் முன் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து, கதவு ஓரத்தில் சாக்குக்கட்டியால் எழுதிவைக்கிறார்கள். முடித்தபின் மறுபடி அளக்கிறார்கள். 50 மி.மீ. என்று விற்கப்பட்டது எத்தனை மி.மீ. தந்தது என்பதற்கு அந்த எட்டு எண்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

முன்பக்கம் 50, பின்பக்கம் 40 என்று வந்துவிட்டால் ஹெட்லைட் கவனிக்கப்பட வேண்டும். 2,590 மி.மீ. வீல்பேஸில் 10 மி.மீ. வித்தியாசம் என்பது 25 மீட்டர் தொலைவில் ஒளிக்கற்றை 97 மி.மீ. மேலே போவது. விளக்கே 50 மி.மீ. உயர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து 147 மி.மீ. எதிரே வருபவரின் கண்ணுக்கு இந்த 147 மி.மீ. போதும். திருத்த ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு சுவரும் வேண்டும், அவ்வளவே.

எடை எவ்வளவு உயர்வைத் தின்கிறது என்பது தனிக் கணக்கு. ஐந்து கதவு ஜிம்னியின் வெறும் எடை அதிகபட்சம் 1,210 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. ஏற்றக்கூடியது 335 கிலோ. அதில் 60% பின் அச்சில் விழுந்தால் 201 கிலோ. ஒரு ஸ்பிரிங்குக்கு 100.5 கிலோ, அதாவது 986 நியூட்டன். ஒரு மி.மீ. அமுங்க 20 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங் 49 மி.மீ. இறங்கும். 25 நியூட்டன் கேட்பது 39 மி.மீ. இறங்கும். குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் மலையேறும் நாளில், 20 நியூட்டன் ஸ்பிரிங்கில் வாங்கிய 50 மி.மீ.யில் பின்பக்கம் மிஞ்சுவது 1 மி.மீ. விறைப்பான ஸ்பிரிங்கில் 11 மி.மீ. தனியாளாக ஓட்டும்போது அதே விறைப்பு முதுகெலும்பில் தெரியும். ஸ்பிரிங் வாங்கும்போது ‘எத்தனை அங்குலம்’ என்பதற்கு முன்பு ‘எத்தனை கிலோவுக்கு’ என்று கேட்க வேண்டியதன் காரணம் இதுதான்.

துணைக்கருவிகள் இந்த 335 கிலோவில்தான் கை வைக்கின்றன. இரும்பு பம்பர் 35 கிலோ, வின்ச் 30 கிலோ, கூரை கேரியர் 25 கிலோ, கூரைக் கூடாரம் 60 கிலோ என்றால் 150 கிலோ. ஏற்றும் அளவில் 45%. மிஞ்சும் 185 கிலோவில் 70 கிலோ ஆட்கள் இருவர் ஏறினால் சாமானுக்கு 45 கிலோ. நான்கு பேர் ஏறினால் 95 கிலோ வரம்பு மீறல்.

கவிழும் அபாயத்தையும் எண்ணில் சொல்லலாம். சக்கரங்களின் இட-வல இடைவெளியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இருமடங்கால் வகுத்தால் வருவது நிலைத்தன்மை எண். இடைவெளி 1,400 மி.மீ., ஈர்ப்பு மையம் 700 மி.மீ. என்று கொண்டால் எண் 1.00, கவிழும் சாய்வு 45 டிகிரி. 50 மி.மீ. உயர்த்தும்போது அச்சும் சக்கரமும் கீழேயே இருப்பதால் ஈர்ப்பு மையம் ஏறுவது சுமார் 40 மி.மீ.; எண் 0.946, சாய்வு 43.4 டிகிரி. அதன் மேல் 235 டயர் 20 மி.மீ. சேர்த்தால் எண் 0.921, சாய்வு 42.6 டிகிரி. மொத்த இழப்பு 7.9%. காகிதத்தில் 2.4 டிகிரிதான். ஸ்பிரிங் சாய்ந்து கொடுப்பதையும் வளைவில் வரும் வேகத்தையும் இந்தக் கணக்கு சேர்க்கவில்லை. உண்மையில் வண்டி இதைவிட முன்பே கவிழும். கூரை மேல் 85 கிலோ ஏற்றிய வண்டிக்கு எண் இன்னும் கீழே போகும்.

235 டயரின் விட்டத்தில் கூடிய 5.8% பல இடங்களில் எட்டிப் பார்க்கிறது. ஸ்பீடோமீட்டர் முன்பு சரியாகக் காட்டியது என்று கொண்டால், இப்போது அது 80 காட்டும்போது வண்டி 84.7 கி.மீ. வேகத்தில் ஓடும். சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசை 5.5% குறையும், 134.2 நியூட்டன் மீட்டர் இன்ஜின் 126.8 போல நடந்துகொள்ளும். ஓடோமீட்டர் 10,000 என்று காட்டும்போது உண்மையில் ஓடியது 10,584 கி.மீ. பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்ற புலம்பலில் முதல் 5.5% பெட்ரோலில் போனதல்ல, மீட்டரில் போனது.

மெய்யான எரிபொருள் இழப்பும் இருக்கிறது. சான்றளிக்கப்பட்ட மைலேஜ் மேனுவல் கியருக்கு லிட்டருக்கு 16.94 கி.மீ. ஆண்டுக்கு 10,000 கி.மீ., லிட்டர் 100 ரூபாய் எனில் 59,030 ரூபாய். உயர்வும் டயரும் சேர்ந்து மைலேஜில் 10% பறித்தால் 15.25 கி.மீ., செலவு 65,590 ரூபாய். ஆண்டுக்குக் கூடுதல் சுமார் 6,560 ரூபாய்.

சட்டத்தின் பக்கம் செலவு வெறும் வாய்ப்பாக மட்டும் நிற்கிறது. ஆனால் தொகை சிறியதல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அளவிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ (4) பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்பிரிங், டயர், பம்பர், கூடுதல் விளக்கு என நான்காக எண்ணினால் 20,000 ரூபாய். வாரண்டி இன்னொரு பக்கம்: 2024 ஜூலை முதல் மாருதியின் வழக்கமான வாரண்டி 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. சஸ்பென்ஷனை மாற்றியபின் அது தொடர்பான பழுதுக்கு அந்த வாரண்டியில் கேட்பது கடினம். விபத்துக் காப்பீட்டிலும் அறிவிக்காத மாற்றம் கேள்விக்கு இடம் தரும்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இதே வேலைக்கு எண்ணால் ஒரு வரம்பு இருக்கிறது. மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு உள்ள நான்கு சக்கர இயக்க வண்டிகளை, சஸ்பென்ஷனில் 50 மி.மீ., டயரில் 25 மி.மீ. என மொத்தம் 75 மி.மீ. வரை தனிச் சான்றிதழ் இல்லாமல் உயர்த்தலாம். நம் கணக்கில் உள்ள 50 + 20.25 = 70.25 மி.மீ. அந்த வரம்புக்குள் அடங்கும். அதே வண்டி, அதே ஸ்பிரிங், அங்கே 4.75 மி.மீ. மிச்சத்தோடு அனுமதி, இங்கே அபராதப் பிரிவு. இப்படி ஒரு வரம்பை இந்தியாவிலும் எழுதிவைத்தால் பட்ஜெட் கிட்களின் தரமும் சோதனைக்கு வரும் என்றே தோன்றுகிறது.

இனி தீர்ப்பு. உயர்வு 40 மி.மீ.யாக இருந்தால் பிரேக்-ஓவர் கோணம் 27.3 டிகிரி, காஸ்டர் இழப்பு 2.9 டிகிரி, அச்சு விலகல் 3.1 மி.மீ. 50 மி.மீ.யில் 28.2, 3.6, 4.2. 100 மி.மீ.யில் 32.3, 7.1, 11.2. கோணம் ஏறக்குறைய நேர்கோட்டில் கூடுகிறது. அச்சு விலகல் அதைவிட வேகமாக ஏறுகிறது. காஸ்டரைத் திருத்தும் புஷ்கள் பெரும்பாலும் 2, 3 டிகிரி அளவோடு நின்றுவிடுகின்றன. பட்ஜெட் வேலைக்கு 40க்கும் 50க்கும் இடைப்பட்டதே எல்லை.

அந்த எல்லைக்குள் பேன்ஹார்ட் தண்டின் 16,520 ரூபாயை நீக்கினால் நாணயமான மொத்தம் 79,650 ரூபாய். வண்டியின் 2023 ஆரம்ப விலையில் 6.25%. ஒரு மி.மீ.க்கு 1,593 ரூபாய். கடையில் சொல்லும் பெட்டி விலை 51,920 ரூபாய் இதில் 65%தான். டயரும் சேர்த்தால் 1,24,650 ரூபாய், 9.8%.

79,650 ரூபாயை 5 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 15,930. பெட்ரோலின் 6,560 (இதில் டயரின் பங்கும் உண்டு) சேர்ந்து, டயர் விலை நீங்கலாக, 22,490 ரூபாய். ஆண்டின் 10,000 கி.மீ.யில் உண்மையாகவே கரடுமுரடான தடத்தில் ஓடுவது 5%, அதாவது 500 கி.மீ. என்றால், அந்தத் தடத்தின் ஒவ்வொரு கி.மீ.க்கும் 45 ரூபாய். 2,000 கி.மீ. ஓட்டுபவருக்கு 11 ரூபாய். 100 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு 225 ரூபாய். முதலாமவர் யோசிக்கலாம், இரண்டாமவர் செய்யலாம், மூன்றாமவர் கம்பெனி உயரத்திலேயே ஓட்டலாம்.

விலைச்சீட்டு வாங்கும்போது ஐந்து விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: ஸ்பிரிங் எத்தனை கிலோ சுமைக்கானது, ஷாக்கின் முழு நீளம் எத்தனை மி.மீ., காஸ்டர் புஷ் எத்தனை டிகிரி, பிரேக் ஹோஸ் செட்டில் உண்டா, போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போது முறுக்குவார்களா. ஐந்தில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் அந்தக் கடையில் முன்பணம் கட்டாதீர்கள்.